மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர்

அந்த மைக்கைப் பையிலேயே வைங்க சார். மைக்ல கோளாறு ஒண்ணும் இல்ல. வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

பாத்துட்டீங்களா? ஆமா சார். அவதான். மாலை போட்டுச் சுவத்துல இருக்கிறது சுலோசனாதான். நீங்க மூஞ்சியப் பாத்ததில்ல, குரலைத்தான் கேட்டிருக்கீங்க. மாசி மாசம் ஒம்பதாந் தேதி. இப்ப ஆவணி. ஆறு மாசம் ஆச்சு.

எந்திரிக்காதீங்க சார். போறதுன்னா போங்க, நான் கையப் பிடிச்சு இழுக்கப் போறதில்ல. ஆனா ஒம்பது மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு பத்தரைக்கு வந்திருக்கீங்க, அதுவரைக்கும் வாசல்லயே நின்னிருக்கேன். ஒரு காபி குடிச்சிட்டுக் கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் அந்த லிஸ்ட்ல இருந்து அவ பேரை அடிக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணுங்க. எனக்குத் தெரியும், அடிப்பீங்க. உங்க ஆளுகள்ல யாராச்சும் செத்துட்டா காலையில ரேடியோவுல கூப்பிடுற லிஸ்ட்ல பேரைச் சொல்லி, ஒரு நிமிஷம் எல்லாரும் பேசாம இருந்து, மறுநாள்ல இருந்து அந்தப் பேரையே எடுக்க மாட்டீங்க. அவதான் சொல்லியிருக்கா. தேனி டெய்லர் ஒருத்தர் போனப்ப அப்படித்தான் செஞ்சீங்க. அன்னைக்கு அவ இங்கதான், இதே இடத்துல, மைக்கைக் கையில வச்சுக்கிட்டு மூக்கைச் சிந்திக்கிட்டு உக்காந்திருந்தா. யாரோ மூஞ்சி தெரியாத டெய்லருக்கு என்ன அழுகைன்னு நான் சத்தம் போட்டேன்.

சேவு எடுத்துக்கங்க. சாத்தூர் சேவு. உங்களுக்காக வாங்கல, சும்மா வீட்டுல கிடந்துச்சு.

உங்களை முதல் தடவையா பாக்குறேன், ஆனா உங்க குரலை நான் இருவது வருசமா கேக்குறேன் சார். காலையில ஆறரை மணிக்கு, 'எல்லாருக்கும் காலை வணக்கம், மதுரையில இருந்து ஜெயசீலன்'னு தொண்டையச் செருமிட்டு ஆரம்பிப்பீங்க. நான் முத்தத்துல முகச்சவரம் பண்ணிக்கிட்டிருப்பேன். அவ செட்டு முன்னாடி உக்காந்து உங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருப்பா. எனக்கு அது பிடிக்காது. உள்ளதைச் சொல்றேன், எனக்கு அந்தச் செட்டும் பிடிக்காது, மாடியில நிக்கிற கம்பியும் பிடிக்காது. ஊருல பொம்பளைங்க எல்லாம் காலையில கோலம் போடுதுங்க, இவ மலைக்கு வணக்கம் சொல்றான்னு கேலி பண்ணுவேன்.

நான் நகராட்சியில தண்ணிக்குழாய் ஃபிட்டர் சார். முப்பத்தோரு வருசம். அவ டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆப்பரேட்டர். அருப்புக்கோட்டைல அவ குரல் தெரியாத யாவாரி கிடையாது. 'மெட்ராஸ் லைன்ல இருக்காங்க, பேசுங்க'ன்னு ஒரு வாட்டி சொன்னா வெல்லப்பாகு மாதிரி இருக்கும்னு நூல் கடைக்காரர் ஒருத்தர் என்கிட்டயே சொல்லியிருக்கார், நான் அவ புருசன்னு தெரியாம. அப்புறம் எக்ஸ்சேஞ்சு ஆட்டோமேட்டிக் ஆயிருச்சு. இவளைக் கொண்டு போயி பில்லு கட்டுற கவுண்டர்ல போட்டாங்க. வாயத் தொறக்காத வேலை. ஒரு வருசம் பொறுத்துப் பாத்தா. அப்புறம் எங்கயோ ஹாம் ரேடியோ, அதான் வீட்டுல செட்டு வச்சு ஊர் ஊரா பேசிக்கிறது, அதுக்கு வகுப்பு நடத்துறாங்கன்னு விருதுநகருக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போயி, பரிச்சை எழுதி, லைசென்ஸ் வாங்கிட்டு வந்துட்டா. லைசென்ஸ் வந்த அன்னைக்குத்தான் எனக்கு முழு விசயமும் தெரியும். ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லலன்னு கேட்டேன். நீங்க கேக்கவே இல்லியேன்னா.

ஆனா ஆண்டெனா நிறுத்துற கம்பத்துக்கு என்கிட்டத்தான் வரணும்ல? பைப்பு யார்கிட்ட இருக்கு? ஒண்ணரை இஞ்சு ஜி.ஐ. பைப்பு, இருவதடி முழு லெங்த், அதுக்கு மேல ஒரு பத்தடி, நடுவுல கப்ளிங் போட்டு, சுவத்துல ரெண்டு கிளாம்பு, மூணு பக்கமும் சாயாம இழுத்துக் கட்டுற ஸ்டே கம்பி. நான் நிறுத்துன கம்பம் சார். அது உச்சியில அவளே கையால பண்ணுன ஆண்டெனா. பழைய டி.வி. ஆண்டெனா மாதிரியே மீன்முள்ளு. யாகின்னு பேரு சொன்னா. அஞ்சு அலுமினியக் கம்பி, அளந்து அளந்து வெட்டுவா. ஒரு நூல் கூடிருச்சுன்னு ராவிக்கிட்டே இருப்பா. அதை மலையைப் பாத்துத் திருப்பி வைக்கணும். மலை மேல ஒரு பெட்டி இருக்கு, நாம சொல்றதை அது வாங்கித் திரும்ப எல்லாருக்கும் சொல்லும். உங்களுக்குத் தெரியாததா சார், இருந்தாலும் அவ எனக்குச் சொன்ன மாதிரியே சொல்றேன். மலை இங்கயிருந்து கண்ணுக்குத் தெரியாது. மொட்டை மாடியில நின்னா மில்லு புகைக்கூண்டு தெரியும், அதுக்கு இடது கைப்பக்கம் ரெண்டு விரல் தள்ளி. அதான் கணக்கு.

இந்த வேலைக்கு மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர் வேணும். டி.வி. ஆண்டெனா திருப்புன காலம் ஞாபகம் இருக்குல்ல? 'தெரியுதா?' 'தெரியல!' 'இப்ப?' 'கோடு கோடா வருது!' அதே கதைதான். அவ சேலையச் சொருகிக்கிட்டு மேல ஏறிருவா. நான் கீழ, இந்தச் செட்டு முன்னாடி. இதுல பாருங்க, ஒரு மீட்டர் இருக்கு, சிக்னல் வந்தா கட்டை கட்டையா ஏறும். நான் அதைப் பாத்துக் கத்தணும். 'மூணு... அஞ்சு... ஏ, போயிருச்சு, திரும்பி வா... ஆறு... ஏழு, அப்படியே நிறுத்து!' தெருவே வேடிக்கை பாக்கும். எனக்கு மானமே போகும். வருசத்துக்கு நாலு தடவை இந்தக் கூத்து. காத்து அடிச்சா ஒரு தடவை, குரங்கு ஏறுனா ஒரு தடவை, ஒண்ணுமே இல்லன்னாலும் 'இன்னும் ரெண்டு கட்டை ஏத்தலாமா பாப்போம்'னு ஒரு தடவை. உன்னால எனக்குத் தொண்டைக் கட்டுன்னு திட்டுவேன். அவ மேல இருந்து சிரிப்பா.

அதுல ஒரு நாள் கேளுங்க. நான் கத்துறது அவளுக்குக் கேக்கல, தெருவுல ஏதோ மைக்செட்டு. கையில ஒரு சின்ன செட்டு வச்சிருப்பா, அதை எடுத்துக் கூப்பிட்டா. இந்தச் செட்டுல வருது. 'வேலாயுதம், வேலாயுதம், மீட்டர் எவ்வளவு காட்டுது?' எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசத்துல அவ என் பேரைச் சொன்னதே கிடையாது சார். எங்க பக்கம் சொல்ல மாட்டாங்க. ரேசன் கடையில புருசன் பேரென்னன்னு கேட்டாக்கூட பக்கத்துல நிக்கிறவளைச் சொல்லச் சொல்லுவா. ரேடியோல மட்டும் சொல்லுவா. ஒரு நாள் யாரோ ஸ்ரீலங்காக்காரர்கிட்ட 'எங்க வீட்டுக்காரர் பேரு வேலாயுதம்'னு சொல்லி, அந்த ஆளுக்குப் புரியலன்னு ஒவ்வொரு எழுத்தா வேற சொல்லிக்கிட்டிருந்தா. விக்டர், எக்கோ, லிமான்னு. நான் என்ன சரக்கு மூட்டையான்னு சத்தம் போட்டேன். அவ சொன்னா, அது ரேடியோவுலதானேங்க.

அன்னைக்கு அவ மேல இருந்து கூப்பிட்டப்ப நான் மைக்கை எடுத்து 'ஏழு கட்டை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. லைசென்ஸ் இல்லாதவன் பேசக் கூடாது, அது சட்டம். படியேறி மாடிக்குப் போயி அவ மூஞ்சிக்கு நேரா 'ஏழு'ன்னு சொல்லிட்டு, புருசன் பேரைச் சொல்ற நாக்கு அழுகிரும்னும் சொல்லிட்டு இறங்கிட்டேன். அதுக்கப்புறம் நாலஞ்சு வருசம் கெஞ்சினா, நீங்களும் அந்தப் பரிச்சைய எழுதுங்க, சின்ன பரிச்சைதான், நான் சொல்லித் தர்றேன், மக வீட்டுக்கு நான் போயிருக்கிற நாள்ல நாம பேசிக்கலாம்னு. வீட்டுக்குள்ளயே இருக்கோம், அதுல பேசாததையா அங்க பேசப் போறோம்னு கேட்டேன். பொண்டாட்டிகிட்டப் போயி சிலேட்டு புடிச்சுப் படிக்கிறதா? நீங்களே சொல்லுங்க.

காபி ஆறிருச்சா? நான் போட்ட காபிதான், தண்ணியா இருக்கும்.

சரி, மாசி எட்டாந் தேதிக்கு வர்றேன். அன்னைக்குக் காலையில அவ உங்ககிட்ட என்ன சொன்னான்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் இருக்கு. நாளைக்கு மக வீட்டுக்குக் கோயமுத்தூர் கிளம்புறேன், ரெண்டு வாரம் வரமாட்டேன், தேட வேண்டாம்னு சொன்னா. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, முந்தாநாள் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டினேன், இடது தோள்பட்டை பிடிச்சிருக்கு, கை தூக்க முடியலன்னா. நீங்க உடனே சொன்னீங்க, இடது பக்கம்னா அலட்சியமா இருக்காதீங்கம்மா, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாத்துட்டுப் போங்கன்னு. அட, கம்பி இழுத்த வலி சார், ஆண்டெனாக்காரிக்கு இது புதுசான்னு அவ பேச்சை முடிச்சிட்டா.

நான் இங்கதான் இருந்தேன். அந்தத் தூண் பக்கத்துல, கன்னத்துல சோப்பு நுரையோட. அவ எழுந்து என் பக்கம் வந்தப்ப 'நல்லா வேணும் உனக்கு, இன்னும் ஏறு'ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவ அந்த வலிய என்கிட்டச் சொல்லல பாருங்க. உங்களுக்குத்தான் சொன்னா. ரேடியோவுல சொல்றது ரேடியோக்காரங்களுக்குன்னு நான் விட்டுட்டேன். மறுநாள் விடியக்காலம், பையெல்லாம் கட்டி வச்சு, அடுப்படியில பால் பாத்திரத்தைத் தூக்கப் போனவ அப்படியே உக்காந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.

இல்ல சார், அழல. எனக்கு இந்தக் கண்ணுல எப்பவுமே நீர் வடியும்.

மக வந்தா, மருமகன் வந்தார், பதினாறு வரைக்கும் வீடு நிறைய ஆளு. எங்ககூட வந்துருங்கப்பான்னு மக கையப் பிடிச்சுக்கிட்டா. கோயமுத்தூர்ல போயி நான் என்ன செய்ய? இங்க எனக்கு என்ன குறை? நினைச்ச நேரம் எந்திரிக்கிறேன், நினைச்சதைச் சாப்பிடுறேன், கேக்க ஆளில்ல. ராஜா மாதிரி இருக்கேன் சார். அந்தச் செட்டை யாருக்காச்சும் குடுத்துரலாம்பான்னா. அப்புறம் பாப்போம்னேன். அவங்க கிளம்பிப் போன மறுநாள் காலையில ஆறரை மணிக்கு நான் முகச்சவரம் பண்ண உக்காந்தேன். வீட்டுல சத்தமே இல்ல. பிளேடு இழுக்குற சத்தம் எனக்கே கேக்குது. இதென்ன எழவுன்னு எழுந்துபோயிச் செட்டைப் போட்டேன். மிசினைப் போடாம வச்சா கெட்டுப்போகும்ல? அதுக்குத்தான் போட்டேன்.

நீங்க லிஸ்ட்டு வாசிச்சுக்கிட்டிருந்தீங்க. ஒவ்வொருத்தரா ஆஜர் சொல்றாங்க. அப்புறம், 'சுலோசனாம்மா ரெண்டு வாரம்னு சொன்னாங்களே, வந்துட்டாங்களா? அம்மா, இருக்கீங்களா?' அப்படின்னு கூப்பிட்டு நிறுத்துனீங்க. நீங்க நிறுத்துறது எனக்குப் பிடிக்கும் சார். சில பேரு கூப்பிட்ட கையோட அடுத்த பேருக்குப் போயிருவாங்க. நீங்க, அடுப்படியில இருக்குற பொம்பளை கையத் தொடைச்சுக்கிட்டு வர்ற அளவுக்குக் காத்திருப்பீங்க. மறுபடி கூப்பிட்டீங்க. மூணு தடவை. பதினாறாம் நாளுக்கப்புறம் இந்த வீட்டுக்குள்ள அவ பேரை யாரும் சொல்லல. நானும் சொல்லல, நான் எங்க அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், 'ஏ, இந்தா'ன்னுதான் கூப்பிடுவேன். நீங்க சொன்னீங்க. வீடு முழுக்கக் கேட்டுச்சு.

மறுநாளும் போட்டேன். அதுக்கு மறுநாளும். பத்து நாளு நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. அவ செல்லுக்கும் அடிச்சிருப்பீங்க. அது சார்ஜ் போடாம பீரோவுல கிடக்கு. பதினோராம் நாள் உங்க குரல் மாறுச்சு சார். கூப்பிட்டு முடிச்சிட்டு, 'சரி, அம்மாவுக்கு ஏதோ சௌகரியக் குறைச்சல் போல, நாளையில இருந்து பேரைக் கடைசியில வச்சுக்குவோம்'னீங்க. கடைசியில வைக்கிறது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நாப்பது பேரு முடியிறதுக்குள்ள மணி ஏழாகும், அப்புறம் கூப்பிடவே மாட்டீங்க. நான் மைக்கை எடுத்தேன். எடுத்துப் பக்கத்துல இருக்குற பட்டனை அழுத்தினேன். சொல்லிரலாம்னுதான் எடுத்தேன் சார், சத்தியமா. வாயத் தொறந்தேன், வரல. விட்டுட்டேன். விட்டதும் மலையில இருந்து 'பீப்'புன்னு ஒரு சத்தம் திரும்பி வந்துச்சு.

நீங்க என்ன பண்ணுனீங்க? 'யாரோ அழுத்துறாங்க, குரல் வரல. சுலோசனாம்மா, நீங்கதானா? நீங்கன்னா ரெண்டு தடவை அழுத்துங்க'ன்னீங்க.

ரெண்டு தடவை அழுத்தினேன்.

அதுதான் நான் செஞ்ச தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா நான் பேசல. லைசென்ஸ் இல்லாம ஒரு வார்த்தை நான் பேசல, பட்டனைத்தான் அழுத்தினேன். 'அம்மா வந்துட்டாங்க! மைக்குதான் போயிருச்சு!'ன்னு நீங்க சொன்னதும், சிவகாசி பிரஸ்காரர், திண்டுக்கல் டீச்சர், எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து வாங்கம்மா வாங்கம்மாங்கிறாங்க. அந்த நேரத்துல போயி அவ செத்துட்டான்னு எப்படிச் சொல்றது? நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?

அன்னையில இருந்து ஆமான்னா ரெண்டு, இல்லன்னா ஒண்ணு. நீங்கதான் அந்த வழக்கத்தை வச்சீங்க. ஏழு மணிக்கு எல்லாரும் போனப்புறம் நீங்க மட்டும் கொஞ்ச நேரம் இருந்து பேசுவீங்க. தோள்வலி தேவலையா? ரெண்டு. மழை உண்டா அங்க? ஒண்ணு. காபி ஆச்சா? ரெண்டு. உங்க மகனுக்குப் பொண்ணு பாத்தது, உங்க வீட்டம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் ஆனது, எல்லாம் எனக்குத் தெரியும். இடது கண்ணுதானே? இப்ப தேவலையா? அதைக் கேக்கணும்னு இருந்தேன், பட்டனை வச்சுக்கிட்டுக் கேள்வி கேக்க முடியாதுல்ல, பதில்தான் சொல்ல முடியும்.

ஆடியில காத்து அடிச்சதே, அப்பத்தான் கம்பம் சாஞ்சது. ஒரு ஸ்டே கம்பி அத்துருச்சு. அவ கடைசியா இழுத்துக் கட்டுனது. ஆண்டெனா மாடியில குப்புறக் கிடக்கு, செட்டைப் போட்டா வெறும் இரைச்சல். பைப்பு பக்கத்து வீட்டு மேல விழுந்துறக் கூடாதேன்னு நானே நிமித்திக் கட்டினேன். தனி ஆளா சார், எழுபத்து மூணு வயசுல. அந்த ஆண்டெனாவை நான் என்ன கண்டேன்? பழைய டி.வி. ஞாபகத்துல கம்பியெல்லாம் படுக்க வச்சு மாட்டினேன். பெரிய கம்பிய முன்னால வச்சேன், பெரியவங்க முன்னால நிக்கிறதுதானே முறை. எல்லாமே தப்பு. கம்பி நெட்டுக்குத்தா நிக்கணும், சின்னதுதான் மலையைப் பாக்கணும். இருவது வருசம் கீழ உக்காந்து கத்துனவன் மேல பாக்கவே இல்லன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

திருப்பிப் பாக்கணும்னா யாராச்சும் பேசிக்கிட்டிருக்கணும், அது காலையில நீங்க பேசுற அரைமணி நேரந்தான். மேல போயி ஒரு இம்மி திருப்புவேன். இருபத்திரண்டு படி இறங்கி வந்து மீட்டரைப் பாப்பேன். ரெண்டு கட்டை. மறுபடி மேல. மறுபடி கீழ. அரைமணியில பதினோரு தடவை ஏறி இறங்கினேன். செட்டைத் தூக்கி மாடிக்குக் கொண்டு போயிருந்தா வேலை முடிஞ்சுதுங்குறீங்களா? ஆமா, இப்பச் சொல்லுங்க. அது எனக்கு நாலாம் நாள் எல்லாம் முடிஞ்சப்புறம்தான் தோணுச்சு. மூணாம் நாள் காலையில என்ன நடந்துச்சுன்னா, மேல நின்னு ஆண்டெனாவைத் திருப்பிட்டு, கைப்பிடிச் சுவர்ல எட்டிப் பாத்து, 'இப்ப எவ்வளவு?'ன்னு கத்திட்டேன். கத்திட்டு நிக்கிறேன் சார். பதில் வரும்னு நிக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் பல்லு விளக்கிக்கிட்டே என்னைப் பாக்குறார். யாரைக் கேட்டேன்னு எனக்கே தெரியல. அன்னைக்கு அதோட இறங்கி வந்துட்டேன்.

நாலாம் நாள் ஏழு கட்டை வந்துருச்சு. 'அம்மாவை நாலு நாளாக் காணோமே'ன்னு நீங்க கேட்டுக்கிட்டிருந்தீங்க. ரெண்டு தடவை அழுத்தினேன். என்ன ஒரு சந்தோசம் உங்களுக்கு. அப்பத்தான் சொன்னீங்க, பந்தல்குடியில ஒரு கல்யாணம் வருது, அப்படியே அருப்புக்கோட்டைக்கு வந்து மைக்கை மாத்திக் குடுத்துட்டுப் போறேன், அம்மா அனுப்புன கார்டுல விலாசம் இருக்கு, வரலாமான்னு. ஒண்ணு அழுத்தியிருந்தா தீந்துச்சு. நீங்க வந்திருக்க மாட்டீங்க, படத்தைப் பாத்திருக்க மாட்டீங்க. ரெண்டு அழுத்திட்டேன். கை தவறிருச்சுன்னு வைங்க. வேற என்ன?

இன்னும் கொஞ்சம் சேவு போட்டுக்கங்க. அரைக்கிலோ கிடக்கு.

கோவமா? கோவப்படுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. அஞ்சு மாசமா ஒரு பொம்பளைகிட்டப் பேசுறோம்னு நினைச்சு ஒரு கிழவன்கிட்டப் பேசியிருக்கீங்க, யாருக்கும் கோவம் வரும். நாளைக்குக் காலையில சொல்லிருங்க. சொல்லித்தான் ஆகணும், அந்த டீச்சரும் பிரஸ்காரரும் அவளுக்காக ஒரு நிமிஷம் இருக்கணும்ல, அது அவளுக்கு வர வேண்டியது, நான் மறிச்சு வச்சிருக்கேன். அதையெல்லாம் நானும் யோசிக்காம இல்ல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன், அப்புறம் நீங்க கிளம்பலாம். போன செவ்வாய்க்கிழமை. எல்லாரும் போயிட்டாங்க. நீங்க வழக்கம்போல காபி ஆச்சான்னு கேட்டீங்க. அப்புறம் திடீர்னு, 'சார் எப்படி இருக்காரும்மா, நல்லாயிருக்காரா?'ன்னீங்க. அஞ்சு மாசத்துல நீங்க என்னைப் பத்திக் கேட்டது அன்னைக்குத்தான். மைக்கு என் கையில இருக்கு. நல்லாயிருக்கார்னு ரெண்டு அழுத்தலாம்னு போனேன். ஒண்ணு அழுத்தினதும் விரல் நின்னுருச்சு. நீங்க காத்திருந்துட்டு, ஒண்ணுதானா, ஏன், உடம்புக்கு முடியலியான்னீங்க. ஒண்ணு. சாப்பிடுறாரான்னீங்க. ஒண்ணு. மனசு சரியில்லையோன்னீங்க. அதுக்கு ரெண்டு அழுத்தினேன்.

அப்புறம் சொன்னீங்க. 'வயசானவங்க அப்படித்தான்மா, வெளிய சொல்ல மாட்டாங்க. நீங்கதான் பாத்துக்கணும். அவரைத் தனியா விட்டுட்டு எங்கயும் போயிராதீங்க. சரியாம்மா?'

நீங்க கேட்டுட்டு நிறுத்திட்டீங்க. உங்க வழக்கம்தான் அது, பதில் வர்ற வரைக்கும் நிப்பீங்க. நான் இதோ இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். 'சரியாம்மா? கேக்குதா?'ன்னு மறுபடி கேக்குறீங்க.

ரெண்டு தடவை அழுத்தினேன் சார். அவ பேருல நான் குடுத்த பதில் எல்லாம் பொய்யின்னு எனக்குத் தெரியும். காபி குடிச்சது, தோள்வலி தேவலைன்னது, எல்லாம். அந்த 'சரி' ஒண்ணை மட்டும் அவளே சொன்னதா நான் நம்பிட்டேன்.